செவ்வாய்க் கிரகத்து நைட் ஷிப்டு

"ஏலே, பொறத்தால வருதான்! திரும்புலே!"

விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு கருத்தம்மாள் போட்ட கூச்சலில் ஐயாதுரை அலறியடித்துத் திரும்பினான். கம்ப்யூட்டருக்குள் அல்ல, நாற்காலியிலேயே திரும்பிவிட்டான். முதுகுப் பக்கம் கருத்தம்மாள்தான் நின்றாள். அந்த நேரம் பார்த்துத் திரையில் கொம்பு முளைத்த பிராணி ஒன்று நெருப்புருண்டையை வீச, திரை முழுக்கச் சிவப்பு பரவியது. ஆள் காலி.

"போச்சு! உங்களாலதான் செத்தேன்க்கா."

"நானா கொன்னேன்? கொம்பன் உள்ள நிக்கான், நீ எம் மூஞ்சியப் பாத்தா?" என்றாள் கருத்தம்மாள். பிறகு திரையை உற்றுப் பார்த்தாள். "ஆமா, இந்தத் துப்பாக்கிக்காரன் யாரு? எதுக்குக் கொம்பனப் போட்டு இந்தச் சுடு சுடுதான்?"

ஐயாதுரை பக்கத்தில் இருந்த சௌந்தரபாண்டியனைப் பார்த்தான். சௌந்தரபாண்டியன் கூரையைப் பார்த்தான். இரண்டு பேரும் கிருஷ்ணன்கோவில் இன்ஜினியரிங் காலேஜ். ஆட்டம் தொடங்கும்போது இங்கிலீஷில் ஏதோ நாலு வரி ஓடும். அதைத் தட்டித் தள்ளிவிட்டுத் துப்பாக்கியைத் தூக்குவதுதான் வழக்கம்.

"ஒரு மாசமாச் சுடுதீக. எதுக்குன்னே தெரியாதா? நல்ல படிப்புல!"

பஞ்சு மார்க்கெட் பக்கம், மாடியில் இருந்தது ராஜரத்தினத்தின் கம்ப்யூட்டர் சென்டர். காலையில் பாடம்; சாயங்காலம் அரை மணிக்கு இவ்வளவு என்று சுடும் ஆட்டம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொலை செய்யப் போக வேண்டும். தான் பேண்டேஜ் துணி நெய்துவந்த தறி ஷெட்டை ஒரேயடியாக மூடிய பிறகு கருத்தம்மாள் இங்கே பெருக்க வந்தாள். தினக்கூலி. சென்டருக்கு லீவு என்றால் கூலிக்கும் லீவு.

தறி ஷெட்டில் அவளுக்கு வேறு மரியாதை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் பார்த்துவிட்டு வந்தாளானால் சனிக்கிழமை வரை அந்தக் கதையைச் சொல்லுவாள். கேட்கிறவர்களுக்குத் தூக்கம் வராது. பதிலுக்கு அவள் தறியில் நூல் அறுந்தால் பக்கத்துத் தறிக்காரி ஓடிவந்து முடிச்சுப் போட்டுவிடுவாள். இருபது தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை அது. காதோடு ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும்.

"நான் சொல்லுதேன் கேளு" என்று விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். "இவம் பேரு வீரணன். நம்ம கான்சாபுரத்துக்காரன். செவ்வாய்க் கிரகத்துல நைட் ஷிப்டு இருக்கு, சாப்பாடு, தங்க எடம் எல்லாம் கம்பெனியே தரும்னு ஒரு காண்ட்ராக்டர் கூட்டிட்டுப் போனான். போயிப் பாத்தா, முந்துன ஷிப்டுக்காரன் அம்புட்டுப் பேரும் பேயா அலையுதான். கதவெல்லாம் வெளிப்பூட்டு. சாவி யாரு கையில?"

"யாரு கையில?" என்றார்கள் இருவரும்.

"மேஸ்திரி இடுப்புல! சுடு அந்தக் கொம்பன!"

ஐயாதுரை சுட்டான். ஒரு மாதமாகத் தாண்டாத கதவை அன்றைக்குத் தாண்டினான். வழியில் ஒரு மருந்துப் பெட்டி கிடந்தது. அதை எடுத்ததும் வீரணனுக்கு உயிர் ஏறியது.

"ஏறாம? நம்ம ஷெட்டு பேண்டேஜுல்லா. நான் நெய்ததுலே அது!"

"எல்லாஞ் சரிக்கா" என்றான் சௌந்தரபாண்டியன். "வீரணனுக்குக் கை மட்டுந்தான் தெரியுது. மூஞ்சியே இல்லியே, ஏன்?"

"கம்பெனிக்கு மூஞ்சி எதுக்கு? கை போதாதா?"

அந்த வாரத்திலேயே சென்டரில் நிற்க இடமில்லாமல் போயிற்று. சௌந்தரபாண்டியன் காலேஜ் பஸ்ஸில் வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்க வேண்டியவன். இப்போது தினமும் வீட்டைத் தாண்டி ராஜபாளையத்துக்கு வந்து, கதை கேட்டுவிட்டு, டவுன் பஸ்ஸில் திரும்பிப் போனான். ஒருத்தன் சுட, பத்துப் பேர் சுற்றி நின்று 'ம்' கொட்டினார்கள். கதையில் வீரணனுக்கு ஒரு முறைப்பெண் கிடைத்தாள். காண்ட்ராக்டருக்கு மூன்று சம்சாரம். ஒருவன் சுட்டது ஒரு பேயின் மேல் படாமல் போனால், "அவம் பாவம், லீவு போட்டவனுக்குப் பதிலாளா வந்தவம்லே, அவன விட்ரு" என்பாள் கருத்தம்மாள். அவனும் விட்டுவிடுவான். பதிலாள் விடமாட்டான், பின்னால் வந்து சுட்டுவிடுவான். மறுபடி முதலிலிருந்து ஆட்டம். மறுபடி அரை மணிக் காசு.

ராஜரத்தினம் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "கருத்தம்மா, பெருக்குதது கெடக்கட்டும். நீ கதையப் பாரு. அடுத்த மாசத்துல இருந்து ஒனக்கு மாசச் சம்பளம் ஆக்கிருதேன்."

மாசச் சம்பளம்! லீவு நாளுக்கும் கூலி. நோய்நொடி என்று படுத்தாலும் அடுப்பு எரியும். மறுநாள் காலை, பழைய ஷெட்டு மேஸ்திரி சமுத்திரம் வீடு தேடி வந்து, "சத்திரப்பட்டியில புது ஷெட்டு போட்ருக்காங்க. ஒரு தறி காலியா இருக்கு. வாரியா?" என்று கேட்டபோது, கருத்தம்மாள் கொண்டையை ஒருதரம் தட்டிக்கொண்டாள்.

"இல்லண்ணே. நான் இப்பம் கம்ப்யூட்டர்ல இருக்கேன்."

சமுத்திரம் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சைக்கிளைத் திருப்பி வேறு வீட்டுக்குப் போனார்.

வன்னியம்பட்டியில் தங்கை மகளுக்குச் சடங்கு. கருத்தம்மாள் ஒரு நாள் போய் வந்தாள். அன்று சென்டரில் ஈ பறந்தது. "அக்கா இல்லியா? அப்பம் நாளைக்கு வாரோம்" என்று படி ஏறியவர்கள் படி இறங்கினார்கள். மறுநாள் அவள் வரும்போது ராஜரத்தினம் மேஜை மேல் டேப்ரிக்கார்டர் வைத்திருந்தார்.

"உக்காரு கருத்தம்மா. கதைய மொதல்ல இருந்து இதுல சொல்லு பாப்போம்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"ஒனக்குத் தொண்ட கட்டிருச்சுன்னா? ஒன்னோட நல்லதுக்குத்தான்."

அவள் தலையை வாரிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ரேடியோக்காரி மாதிரி முதலில் வணக்கம் சொன்னாள். கேசட்டின் இரண்டு பக்கமும் சொன்னாள். நடுவில் டீ வந்தது. குடித்துவிட்டு, "சீனியே இல்ல, கஷாயம் மாதிரில்லா இருக்கு" என்று சொன்னதும் பதிவாயிற்று. வீரணன் சாவியைப் பிடுங்கிக் கதவைத் திறந்தபோது அவளுக்கே கண் கலங்கிவிட்டது. ராஜரத்தினம் ஸ்பெஷலாக ஒரு வடை வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை கேசட் ஓடியது. முதலில் கூத்துதான். சுவரில் முட்டிக்கொண்டு நின்ற வீரணனைப் பார்த்து, "அடிச்சான் பாரு மேஸ்திரிய!" என்றது ஸ்பீக்கர். செத்துக் கிடந்தவனிடம், "ஓடுலே, ஓடு!" என்றது. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கருத்தம்மாளும் சிரித்தாள். 'இது எங்க ஆகப்போகுது' என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை ஐயாதுரை ஒரு வழி கண்டுபிடித்தான். கேசட் சொல்வதற்கு ஏற்றாற்போல ஆடிப் பார்த்தான். "இப்பம் கதவத் தெறக்கான்" என்று குரல் வரும்வரை கதவுக்கு முன்னால் காத்து நின்றான், வந்ததும் திறந்தான். கைதட்டு பறந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அதுவே பந்தயமாகிவிட்டது. கேசட்டோடு சேர்ந்து கடைசிவரை போகிறவன் கெட்டிக்காரன். கேசட்டில் அவள் டீ குடிக்கும் இடத்தில் எல்லாரும் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு அமைதியாக நின்றார்கள்.

சனிக்கிழமை ராஜரத்தினம் கூப்பிட்டார். "இனிமே ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பெருக்கினாப் போதும், கருத்தம்மா."

"மாசச் சம்பளம்னு சொன்னீகளே அண்ணாச்சி?"

"அது கதைக்குச் சொன்னது. கததான் இப்பம் கேசட்டுல இருக்கே."

"கேசட்டுல பேசுதது நாந்தானே?"

"நீதான். யாரு இல்லங்கா?" என்றார் அவர், ரொம்பத் தன்மையாக.

சத்திரப்பட்டிக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். அந்தத் தறியில் வேறொருத்தி நின்றாள். சமுத்திரம், "கம்ப்யூட்டர்ல இருக்கேன்னியே?" என்று மட்டும் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை அவள் பெருக்கும் முறை. கூட்டம் நெருக்கியடித்தது. புதுப் பையன் ஒருவன் கேசட்டோடு பாதி தூரம் வந்திருந்தான். மேஜைகளுக்கு அடியில் குனிந்து காகிதங்களைக் கூட்டிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள்.

"ஏலே தம்பி, அந்தத் தூணு மறப்புல ஒருத்தன்..."

"ஸ்ஸ்!" என்று அறையே அவள் பக்கம் திரும்பியது.

"செத்த சும்மா இருக்கியா கருத்தம்மா?" என்றார் ராஜரத்தினம் கல்லாவிலிருந்து. "கத கேக்காண்டாமா?"

ஸ்பீக்கருக்குள் அவள் கத்திக்கொண்டிருந்தாள். காண்ட்ராக்டர் வீரணனை ஏமாற்றிய இடம். கருத்தம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, ஸ்பீக்கர் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தாள்.

"தள்ளிக்கோங்கக்கா" என்றான் ஐயாதுரை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சத்தத்த மறைக்கீக."

அவள் தள்ளி நின்றாள்.