ஹாரிசனுக்கு என்ன கவலை

இந்த ஒரு வருஷத்தில் அருள்தாஸுக்கு வராத வியாதி இல்லை. ஆஸ்துமா வந்து மூச்சுக்குத் தவித்தான். சர்க்கரை முற்றிக் காலில் புண் ஆறாமல் கிடந்தான். மாடிப்படியில் உருண்டு இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான்; ஜெகதாப்பட்டினத்தில் அவன் குடியிருக்கும் வீட்டுக்கு மாடியே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸஸ் கோல்மன் என்கிற பெயரில் ஏழு மாதக் கர்ப்பிணியாகக்கூட உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவன் மகள் பிளெஸ்ஸி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எல்லாம் மனைவி ஷர்லிக்காகத்தான். அவள் அறந்தாங்கியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அயர்லாந்துக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் நர்ஸுகளுக்கென்றே வைத்திருக்கும் ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும். படிப்பது, எழுதுவது, காதால் கேட்டுப் புரிந்துகொள்வது மூன்றிலும் தேறிவிட்டாள். பேச்சில்தான் இரண்டு முறை கோட்டை விட்டாள். அந்தப் பரீட்சையில் கையில் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். எதிரில் இருப்பவர் நோயாளியாகிவிடுவார். இவள் நர்ஸாக இருந்து அவரோடு ஐந்து நிமிஷம் பேச வேண்டும். வீட்டில் பழகிப் பார்க்க நோயாளிக்கு எங்கே போவது? கட்டியவன் எதற்கு இருக்கிறான்?

அருள்தாஸ் பத்தாவதோடு ஐஸ் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவன். ஆங்கிலம் அவனுக்கு மெஷின்மேல் ஒட்டியிருக்கும் எழுத்து அளவுக்குத்தான் பழக்கம். "ஒங்களுக்கு வராட்டித் தமிழ்லயே பேசுங்க. நான் இங்கிலீஷ்ல பதில் சொல்லிக்கிறேன்" என்று ஷர்லி வழி சொன்னாள். பேச்சு முடிந்ததும் ஆறுக்கு எத்தனை மார்க் என்று அவன் சொல்ல வேண்டும். டூட்டி முடிந்து வந்தவள் ஒரு பக்கம், ஐஸ் தூக்கிவிட்டு வந்தவன் ஒரு பக்கம். பாதிப் பேச்சில் யாராவது ஒருவருக்குக் கண் செருகும். பல நாள் நர்ஸுக்கு முன்னால் நோயாளி தூங்கிவிடுவான்.

இரண்டாவது முறை தோற்றபோது, திருச்சியிலிருந்து போனில் பாடம் எடுக்கும் தேவிப்ரியா மேடம் பட்டென்று சொல்லிவிட்டார். "ஷர்லி, உங்க இங்கிலீஷ்ல ஒரு குறையும் இல்ல. பேஷண்ட்டைத்தான் நீங்க பேசவே விடறதில்ல. உக்காந்ததும் இதைச் சாப்பிடு, அதைத் தொடாதேன்னு ஆரம்பிச்சிடறீங்க. அவங்க மனசுல என்ன இருக்குன்னு கேளுங்க. கேட்டுட்டு, வாயை மூடிக்கிட்டுக் காத்திருங்க."

போனை வைத்ததும் ஷர்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க ஆஸ்பத்திரியில வந்து பாக்கச் சொல்லுங்க இந்த மேடத்த. ஒரு ஆளுகிட்ட ஒங்க கவலை என்னன்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா, மத்த வார்டுக்கு இவங்க வந்து ஊசி போடுவாங்களா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அயர்லாந்துக்காரனிடம் அந்த நியாயம் செல்லாதே. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஜெபமாலை உருட்டுவதுபோல ஒரே வாக்கியம் உருண்டது. இஸ் தேர் எனிதிங் வொரியிங் யூ? உங்களுக்கு ஏதாவது கவலை இருக்கிறதா? சோற்றை வடிக்கும்போதும் சொல்லிப் பார்ப்பாள், பஸ்ஸுக்கு ஓடும்போதும் சொல்லிப் பார்ப்பாள். நோயாளி முன்னால் உட்கார்ந்தால் மட்டும் பழைய குருடி கதவைத் திறடிதான். கேட்ட வேகத்தில் பதிலையும் அவளே சொல்லி, மாத்திரையும் எழுதிக் கொடுத்து, ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

"கொஞ்சம் பொறு புள்ள, பேஷண்டு இன்னும் வாயத் தொறக்கல" என்பான் அருள்தாஸ்.

அவனோ போகப் போக நல்ல நோயாளியாகிவிட்டான். சட்டென்று சரி என்று தலையாட்ட மாட்டான். தரையைப் பார்த்துக்கொண்டு முறுக்கிக்கொள்வான். "ஊசியும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஆள விடுங்க சிஸ்டர்" என்று எழுந்துகொள்வான். ஒருநாள் அதைக் கேட்டுவிட்டுத் தேவிப்ரியா மேடமே பாராட்டினார். அதில்தான் சங்கடம். அவன் எவ்வளவுக்கு நன்றாக நடிக்கிறானோ, அவ்வளவுக்குச் சீக்கிரம் அவள் விமானம் ஏறிவிடுவாள். தன் கையாலேயே படகின் கயிற்றை அவிழ்த்துக் கொடுக்கிற வேலை அது.

இரண்டாவது பரீட்சைக்கு முன்னால் அவன் அந்தக் கயிற்றை அவிழ்க்கவில்லை. எதற்கும் சரி சரி என்று தலையாட்டி, தினமும் ஆறுக்கு ஆறு போட்டு அனுப்பினான். தோற்று வந்து கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவள் அழுததைப் பார்த்தபோது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாகிவிட்டது. அப்புறம் அந்தப் பாவத்தை அவன் செய்யவில்லை.

போவது என்று முடிவெடுத்ததில் அவனுக்கும் பங்கு உண்டு. படகு கடலுக்குப் போனால்தான் ஐஸ் கம்பெனிக்குப் பிழைப்பு. வாரத்தில் பாதி நாள்தான் போகும். போன படகை இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போய்விட்டது என்றால் ஊரே ஸ்டிரைக். ஷர்லியின் சம்பளமோ பிளெஸ்ஸி பிறந்த வருஷத்திலிருந்து நகர்வேனா என்று நிற்கிறது. ஊரில் எத்தனையோ ஆண்கள் வளைகுடாவுக்குப் போயிருக்கிறார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பெண்டாட்டியை அனுப்பிவிட்டுப் புருஷன் சோறாக்கப் போகிறான் என்றதும் டீக்கடையில் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் பயம் வேறு. அவள் இல்லாத வீட்டில் அவனால் இருக்க முடியாது. அவ்வளவுதான். ஆனால் சொன்னால் அவள் நின்றுவிடுவாள். நின்றுவிட்டால் ஆயுசுக்கும் அந்தப் பழி அவன் தலையில். அதனால் வாயைத் திறக்காமல் வியாதிக்காரனாகவே காலத்தை ஓட்டினான்.

மூன்றாவது பரீட்சை சென்னையில். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பஸ் ஏற வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பேச வழியில்லை, கோயில் திருவிழாவுக்கு ரேடியோ கட்டி அலறவிட்டிருந்தார்கள். பிளெஸ்ஸியை அவன் அக்கா சந்தனமேரி வீட்டில் விட்டுவிட்டு, ஊருக்குப் போகும் பையோடு ஷர்லி ஐஸ் கம்பெனிக்கே வந்துவிட்டாள். ஒரு வாரமாக ஸ்டிரைக். மெஷின் நின்றுபோய்க் கிடந்தது. ஐஸ் கம்பெனியில் சத்தமில்லாமல் இருப்பது எழவு வீட்டில் இருப்பதுபோலத்தான். காவலுக்கு அவன் ஒருத்தன். எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுக் கெளம்புறேங்க" என்று மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். ராத்திரி டூட்டி பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்த முகம். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. எதிரில் இன்னொரு பெட்டியில் அவன் உட்கார்ந்தான். போனில் ஐந்து நிமிஷத்துக்கு அலாரம் வைத்தாள்.

அன்றைய நோயாளி மிஸ்டர் ஹாரிசன். வயது எழுபது. மனைவி இல்லை, செத்துப்போய்விட்டாள். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட மாட்டேன் என்கிறார், காரணமும் சொல்ல மாட்டேன் என்கிறார். நர்ஸ் பக்குவமாகக் கேட்டால், மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது என்று சொல்ல வேண்டும். அட்டையில் அவ்வளவுதான் இருந்தது.

"குட் ஈவினிங் மிஸ்டர் ஹாரிசன்" என்று ஷர்லி ஆரம்பித்தாள். மாத்திரை போடவில்லையாமே என்று ஆங்கிலத்தில் விசாரித்தாள்.

"போடல. போடவும் மாட்டேன்" என்று ஹாரிசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இஸ் தேர் எனிதிங் வொரியிங் யூ?"

வழக்கம்போல அடுத்த வார்த்தை வந்து விழும் என்று அருள்தாஸ் காத்திருந்தான். விழவில்லை. அவளுக்குப் பேசத் தெம்பில்லையோ, மேடம் சொன்னது இப்போதுதான் மண்டையில் ஏறியதோ, சும்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் சொட்டியது. இத்தனை வருஷத்தில் அவள் இப்படி அவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததே இல்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"சாயங்காலமானா வீட்டுக்குப் போகவே புடிக்கல சிஸ்டர்" என்றான்.

அவள் மீன் பெட்டியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவ இருக்கும்போதும் ஒக்காந்து ரெண்டு வார்த்த பேசுனதில்ல. அவளுக்கு டூட்டி, எனக்கு வேல. ஆனாலும் அங்கிட்டு இங்கிட்டு நடப்பா. பாத்திரத்தப் போட்டு உருட்டுவா. பஸ்ஸு வந்து நின்னா அவ செருப்புச் சத்தம் தெருமொனையிலயே எனக்குத் தெரியும். சோறாக்கத் தெரியும் சிஸ்டர், புள்ளையப் பாத்துக்கவும் தெரியும். அந்தச் சத்தம் இல்லாத வீட்டுல இருக்கத்தான் எனக்குத் தெரியல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. எழுபது வயசு ஹாரிசனுக்குப் புள்ளை ஏது, பஸ் ஏது?

ஷர்லிக்கும் அது உறைத்திருக்க வேண்டும். ஆனால் நர்ஸ் ஆசனத்தை விட்டு அவள் இறங்கவில்லை. "தேங்க் யூ ஃபார் டெல்லிங் மீ" என்றாள். சொன்னதற்கு நன்றியாம். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, தனியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தனக்குப் புரிகிறது என்றாள். அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள் என்றாள். எல்லா வார்த்தையும் அவனுக்குப் பிடிபடவில்லை. குரல் பிடிபட்டது. மாத்திரை போடு, முட்டை சாப்பிடு என்கிற வார்டு குரல் இல்லை அது. இப்படி ஒரு குரல் இவளுக்குள் இருந்ததா? ஒரு பக்கம் அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது, இன்னொரு பக்கம் ஆத்திரமாக வந்தது. யாரோ ஒரு ஹாரிசனுக்கென்று இதை எடுத்து வைத்திருந்தாளே.

அலாரம் அடித்தது. இரண்டு பேரும் அசையவில்லை. அதுவாகவே அடித்து ஓய்ந்தது.

"எத்தன மார்க்?" என்றாள் ஷர்லி.

"ஆறு."

"சும்மா போடாதீங்க."

"சும்மா இல்ல. இந்தத் தடவ நீ பாஸு." அது பொய்யில்லை. அவளை எதிரில் உட்காரவைத்துக் கேட்கப் போகிற எந்த வெள்ளைக்காரனும் இதற்குக் குறைத்துப் போட மாட்டான் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"கார்டுல தல சுத்துதுன்னுதானே இருக்கு?"

"ஆமா. மறந்துபோச்சு."

அவள் அட்டையை மடக்கினாள், விரித்தாள், மறுபடியும் மடக்கினாள். "இத்தன நாளு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீங்க."

"ஹாரிசன்கிட்டதானே நீ கேட்ட. எங்கிட்ட எப்பக் கேட்ட?" என்றான். கோபமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, களைப்பில் அப்படி வந்துவிட்டது.

ஷர்லி எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். இத்தனை நாளாக ஆங்கிலத்தில் எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு வந்த வாக்கியம் தமிழில் தொண்டையில் சிக்கிக்கொண்டது. இரண்டு தடவை முயன்றுதான் வந்தது.

"ஒங்களுக்கு... மனசுல ஏதும் கவலையா இருக்கா?"

கேட்டுவிட்டு நின்றாள். இப்போது அவளுக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தது. அவள் விரல்கள் பையின் வாரிலிருந்து நழுவிக்கொண்டிருந்ததை அவன் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்றால் போதும். பையைக் கீழே வைத்துவிடுவாள். நாளைக்கும் அறந்தாங்கி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவாள், அடுத்த வருஷமும் போவாள், முடி நரைத்த பிறகும் போவாள். சாயங்காலமானால் தெருமுனையில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும். அவனுக்கு அந்தச் சத்தம் வேண்டும்தான். வேண்டாமென்று சொல்ல அவன் ஒன்றும் மகான் இல்லை.

"மாத்திர போட்டா தல சுத்துது சிஸ்டர்" என்றான் அருள்தாஸ். "வேற ஒண்ணுமில்ல."

ஷர்லியின் முகம் கோணிக்கொண்டு போனது. அழுகையா சிரிப்பா என்று அவன் நின்று பார்க்கவில்லை. அவள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி முன்னால் நடந்தான். கொஞ்ச நேரம் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கத்தைவிட மெதுவாக நடந்தான்.