ஒரு பலகை, இரண்டு வீடு

1987ஆம் ஆண்டு நவம்பர் பன்னிரண்டாம் திகதி, பிரெஞ்சு பேசும் நகரொன்றின் ஓரமான புவாண்ட்-கிளேரில் செலீன் என்ற விதவையின் கணப்படுப்புக்கு மேலிருந்த வெள்ளி மணிக்கூடு, பதினெட்டுக் கிலோமீற்றர் தள்ளி, கோட்-டெ-நெய்ஜில் அருமைராசாவின் வீட்டுச் சுவரில் வந்து இருந்தது. நேரம் ஒரு நிமிடமும் பிசகவில்லை.

அருமைராசா மட்டக்களப்புத் தச்சர். அவருடைய அகதி வழக்கு பெப்ரவரியில் விசாரணைக்கு வர இருந்தது. செலீனின் வீட்டில் கணப்பைச் சுற்றி மரச்சட்டமும் மேற்பலகையும், இருபுறமும் சுவரோடு பொருந்தும் புத்தக அலுமாரிகளும் செய்ய ஒப்புக்கொண்டிருந்தார். மேற்பலகையை வோல்நட் மரத்தில் இழைத்து, விளிம்பில் கொடி செதுக்கிப் பூட்டியபோது இரண்டடித் துண்டு மிஞ்சியது. எடுத்துக்கொள் என்று செலீனே கையால் காட்டினாள். அதை அவர் தன் வீட்டுச் சுவரில் தட்டாக அடித்தார். மனைவி றோசலின் அதன்மேல் மாதா சிலையை வைத்தாள். மறுநாள் மாதா நின்ற இடத்தில் மணிக்கூடு நின்றது.

"இது ஆருட?"

"செலீன் மடாமிட."

"வழக்கு இருக்கக்குள்ள களவெடுத்தீங்களா?"

"மாதா அறிய நான் எடுக்கல்ல."

"மாதாவையும் காணல்லயே. அவவ எங்க வித்தீங்க?"

மணிக்கூட்டைத் துவாயில் சுற்றி, இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோனார். கணப்பின் மேல் மாதா நின்றாள். விளங்கப்படுத்த அவரிடம் 'பொன்ஜூர்', 'மெர்சி' தவிர பிரெஞ்சு இருக்கவில்லை. களவெடுத்தவன் மனம் மாறி வந்திருக்கிறான், போதாததற்கு இந்தச் சிலையை வைத்து ஏதோ மந்திரமும் செய்திருக்கிறான் என்று செலீன் முடிவுகட்டினாள். அலுமாரி பாதியில் கிடந்ததால் மட்டுமே அவரை வேலையிலிருந்து நிறுத்தாமல் விட்டாள். அதற்குப் பிறகு அவர் வீட்டுத் தட்டுக்கு அவள் கணவனின் படம் வந்தது, மூக்குக்கண்ணாடி வந்தது. வந்ததையெல்லாம் அவர் காலையில் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வேலை முடித்துப் புறப்படும்போது செலீன் பையைச் சோதித்தாள். வீடு வந்ததும் அதே பையை றோசலின் சோதித்தாள். இருவருக்கும் உளியும் சீவுளியும் மட்டுமே அகப்பட்டன. அதனாலேயே சந்தேகம் கூடிற்று. படத்தை மூன்றாவது முறை கண்டபோது, இது களவில்லை, வேறு தொடர்பு என்று றோசலின் நினைக்கத் தொடங்கினாள். அருமைராசாவோ தன்னையே நம்பாமல், வேலைநேரத்தில் கைகளை அடிக்கடி பார்த்துக்கொண்டார்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, பொலிசுக்குப் போகுமுன் கண்ணால் பார்த்துவிடலாம் என்று மாதாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு செலீன் மூன்று மாடி ஏறி வந்தாள். சுவர்த் தட்டில் அவள் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தான். படத்தை வெடுக்கென்று எடுத்துவிட்டு, அங்கே மாதாவை வைத்தாள். மூவரும் பார்த்துக்கொண்டிருக்க மாதா மறைந்து, செலீன் காலையில் தன் கணப்பின் மேல் பூ வைத்த சாடி வந்து நின்றது.

"பாருங்க, தண்ணி இன்னும் ஆடுது," என்றாள் றோசலின்.

செலீன் கதிரையில் அமர்ந்து, தேத்தண்ணி வாங்கிக் குடித்தாள். பெப்ரவரி விசாரணைக்கு அவளே கடிதம் எழுதிக் கொடுத்தாள்: இந்த மனிதரால் என் வீட்டுப் பொருள் ஒன்றும் தொலைந்ததில்லை. வழக்கு வென்றது.

அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் றோசலின் மீன் பணிஸ் சுட்டு, ஒரு பீங்கானில் போட்டுச் சுவர்த் தட்டில் வைப்பாள். மாலைக்குள் பீங்கான் கழுவித் திரும்பிவிடும். 1989 மார்ச்சில் ஒரு வெள்ளி அது திரும்பவில்லை. "போய்ப் பாருங்க, அவவுக்கு என்னமோ நடந்திருக்கு," என்று றோசலின் அவரைப் போட்ட சட்டையோடேயே வெளியே தள்ளினாள். அவர் கதவை உடைத்து உள்ளே போனபோது செலீன் இடுப்பெலும்பு முறிந்து குசினியில் அடுப்படித் தரையில் கிடந்தாள்.

பிழைத்துக்கொண்டாள். எப்படித் தெரிந்து வந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் கேட்டார். பீங்கான் வரவில்லை என்றார் அருமைராசா. பொலிஸ்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, உடைந்த கதவை யார் திருத்துவது என்று கேட்டார்.