ஒத்த நாற்காலி

மாநிலச் சக்கர நாற்காலி டென்னிஸ் போட்டிக்கு ஒரே ஒரு பெண்தான் போக முடியும். போட்டியில் இருப்பதோ இருவர்: பேரையூர் முத்துச்செல்வி, ஒத்தக்கடை சுபலட்சுமி. டென்னிசுக்கென்று சக்கரத்தைச் சாய்த்துச் செய்த நாற்காலியோ, பாழாய்ப்போன ஒன்றே ஒன்று. மற்றது ஆஸ்பத்திரி நாற்காலி. உருட்டுவதற்குள் பந்து ஊர்போய்ச் சேர்ந்துவிடும்.

"ரெண்டு கேமுக்கு ஒருக்கா மாத்தி ஒக்காருங்க தாயி," என்றார் கோச் சிவனாண்டி.

மாற்றி மாற்றி ஆடினார்கள். நல்ல நாற்காலியில் இருந்தவளே ஜெயித்தாள். ஆறுக்கு ஆறு வந்து நின்றது. இனி ஏழு புள்ளி முதலில் எடுப்பவள் மாநிலத்துக்குப் போவாள். நாற்காலிக்குக் காசு சுண்டினார்கள். முத்துச்செல்விக்கு விழுந்தது.

மாடியிலிருந்து விழுந்த நாள்முதல் அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. நாற்காலியோடு சேர்த்துப் பிடிக்கும் இடுப்புப் பட்டையை முதுகுப் பக்கமாக வேறொருவர்தான் இறுக்க வேண்டும்; இறுகியதா என்று அவளுக்குத் தெரியாது. ஒரு வருடமாக ஒருத்திக்கு மற்றவள்தான் கட்டிவிடுகிறாள். கட்டி முடித்ததும் தோளில் இரண்டு தட்டு. பட்டை சரி, ஆடு என்று அர்த்தம்.

இந்தத் தடவை சுபலட்சுமி கட்டினாள், தட்டவில்லை. உருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள்.

முத்துச்செல்வி கையைப் பின்னால் விட்டுத் துழாவினாள், முடிச்சு எட்டவில்லை. நல்லாக் கட்டினியா என்று எப்படிக் கேட்பது? அத்தனை பேர் முன்னால் அவளைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடாதா? கேட்காமலே ஆடினாள். ஓரமாக வந்த பந்துக்கெல்லாம் சாயப் பயந்து கையை மட்டும் நீட்டினாள். நல்ல நாற்காலியில் இருந்தும் ஐந்துக்கு ஆறு என்று பின்தங்கிவிட்டாள்.

அடுத்த பந்து வலைக்கருகே விழுந்தது. இந்த ஆட்டத்தில் பந்து இரண்டு தடவை தரையில் குத்தலாம். முதல் குத்துக்குப் பாய்ந்து உருட்டினாள். இரண்டாவது குத்தியபோது ஒரு முழம்தான் பாக்கி. சாய்ந்தால் எட்டும்.

பட்டை அவிழ்ந்தால்? அவள் சாயவில்லை. பந்து மூன்றாவது தடவையும் குத்தி உருண்டு போனது.

பட்டையை அவிழ்க்க வந்த சிவனாண்டி பின்னால் மல்லுக்கட்டினார். "எம்புட்டு இறுக்கு! கத்திரிதான் வைக்கணும் போல."

"விழுந்துறக் கூடாதுன்னு முடிச்சுமேல முடிச்சாப் போட்டேண்ணே. தட்டினேனா இல்லையான்னுகூட நெனப்பில்ல," என்றாள் சுபலட்சுமி. ஜெயித்தவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "எட்டுற பந்துதானடீ, ஏன் சாயாம விட்ட?"

"தோள்பட்டை வலிடீ," என்றாள் முத்துச்செல்வி. உண்மையைச் சொல்ல அவளுக்குக் கேவலமாக இருந்தது.