பேழைக்குள் மூன்று மருமகள்கள்

எங்கள் ஊர் மருத்துவமனையில் லெம்பி அம்மாவுக்கு உதவியாக நான் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அவரும் அவர் கணவர் வில்யோ ஐயாவும் பின்லாந்திலிருந்து ஆப்பிரிக்காவில் எங்கள் ஓவாம்போ நாட்டுக்கு ஊழியம் செய்ய வந்தவர்கள். ஐயா கிணறு வெட்டுவார், சுவர் எழுப்புவார், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வார். அம்மா பிரசவம் பார்ப்பார். நாள் முழுக்கப் பெண்களோடு கிடந்ததால் அவருக்கு எங்கள் மொழி ஒரே வருடத்தில் வந்துவிட்டது. ஐயாவுக்கு ‘மண் கொண்டா’, ‘கயித்தை இழு’ என்பதற்கு மேல் ஏறவில்லை. அதனால் கோயிலில் அவர் தன் மொழியில் பேச, அம்மா பக்கத்தில் நின்று எங்கள் மொழியில் சொல்வார்.

அம்மா சொந்தமாகச் சொல்கிறார் என்பது எங்களுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். உறைந்துபோன ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பதைப் பற்றி ஐயா ஒருநாள் பேசினாராம். அம்மா அதை விட்டுவிட்டு, வெள்ளத்தில் கூடையோடு மீனுக்குக் காத்து நிற்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னார். பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார். நான் ஊரில் சொல்லிவிட்டேன். யாரும் ஐயாவிடம் மூச்சு விடவில்லை. ஜனங்கள் சிரிக்கும்போது தன் பேச்சு எடுபடுகிறது என்று அவர் சந்தோஷப்பட்டார்.

நாலு வருடம் இப்படியே ஓடியது. அதற்குள் கிணற்று வேலை ஆட்களோடு இருந்து இருந்து ஐயாவின் காது கொஞ்சம் திறந்திருந்தது. நோவாவின் பேழையைப் பற்றிப் பேசிய ஞாயிறன்று, ‘மருமகள்’ என்ற சொல் அம்மாவின் வாயில் ஆறேழு தடவை வந்தது. நாற்பது நாள் மழையில், ஒரே அடுப்படியில், ஒரு மாமியாரும் மூன்று மருமகள்களும் எப்படிச் சண்டை போடாமல் கம்பங்களி கிண்டினார்கள் என்று அம்மா விளக்கிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஐயா மருமகள்களைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் மருத்துவமனைக்கு வந்தார். நான் துணி அவித்துக்கொண்டிருந்தேன். அம்மா மருந்துக் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐயா தட்டுத் தடுமாறி எங்கள் மொழியிலேயே என்னிடம் கேட்டார்.

“நெலாகோ, நீ சொல்லு. எவ்வளவு நாளா இப்படி?”

“வந்த வருஷத்துலேர்ந்தே ஐயா.”

“ஊருக்குத் தெரியுமா?”

“தெரியாதவர் நீங்க ஒருத்தர்தான்.”

அவர் அம்மா பக்கம் திரும்பினார். முன்பு ஒருமுறை, தண்ணீர்க்குழிக்காக மூன்று வருடம் பேசாமலிருந்த இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுத்துக்கொண்டார்கள். அதைத் தன் பிரசங்கத்தின் பலன் என்று ஐயா பின்லாந்துக்கு எழுதி, அங்கே சபைப் பத்திரிகையிலும் வந்திருந்தது. “அன்னிக்கு நான் என்ன பேசினேன்?” என்று அம்மாவிடம் கேட்டார்.

“கப்பலைப் பத்திப் பேசினீங்க,” என்றார் அம்மா. “நான் கிணத்தைப் பத்திச் சொன்னேன்.”

ஐயா வெளியே போய்விட்டார். அந்த வாரம் முழுக்க விடியும்போதே கிணற்றுக்குப் போய், இருட்டும்போது திரும்பினார். அம்மா வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டார்; பேசவில்லை. அம்மா வேலையில் குறை வைக்கவில்லை. ஆனால் ஒரு குழந்தையை இரண்டு தடவை எடை போட்டார்.

ஞாயிறு வந்தது. ஐயா தனியாக மேலே ஏறினார். அம்மாவைப் பெண்கள் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு எங்கள் மொழியிலேயே பேச ஆரம்பித்தார். வியர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு சொல்லும் கிணற்றிலிருந்து கல் எடுப்பதுபோல வந்தது. ‘ஆண்டவர் நம்மை மேய்க்கிறார்’ என்பதற்கு ‘ஆண்டவர் நம்மை மேய்கிறார்’ என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். லெம்பி அம்மா என் கையை நசுக்கிப் பிடித்திருந்தார்.

வாசலில் ஊர்த்தலைவர் ஷிகோங்கோ, ஐயா பேசியது நன்றாகவே இருந்தது என்றார். “ஆனா அடுத்த வாரம் அம்மாவும் மேல நிக்கட்டும்.”

திங்களன்று ஐயா மறுபடி மருத்துவமனைக்கு வந்து, நேற்று எங்கே தப்பு என்று அம்மாவிடம் கேட்டார்.

“ஆண்டவர் நம்மள மேயுறார்னு சொன்னீங்க.”

அவர் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தார். அம்மா முதலில் சிரிக்கவில்லை. அழுதார். நான் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

அந்தக் காலத்தில் எங்கள் சபையில் பெண்கள் பிரசங்கம் செய்யக் கூடாது. ஆகவே அதற்குப் பிறகு ஐயா எழுந்து தன் மொழியில் இரண்டு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார். அம்மா அதை அரை மணி நேரம் மொழிபெயர்ப்பார். எழுதும் கடிதங்களிலும் ஐயா ‘என் மனைவி சொன்னாள்’ என்றே எழுதினாராம்.

மழைக்காலத்துக்கு முன்பு மிஷன் கண்காணிப்பாளர் வந்தார். அவரும் பின்லாந்துக்காரர், இரண்டு மொழியும் தெரிந்தவர். ஆராதனை முடிந்து சாப்பாட்டில் உட்கார்ந்தபோது, நான் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்.

“நீங்க பேசினது ரெண்டே வரி. அவங்க சொன்னது அரை மணி நேரம். அது எப்படி?”

“என் ரெண்டு வரிக்குள்ள அவ்வளவு இருந்திருக்கு,” என்றார் வில்யோ ஐயா. “எனக்கே இப்பதான் தெரியுது.”

கண்காணிப்பாளர் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் கீரை போடச் சொன்னார். போன பிறகு அவரிடமிருந்து கண்டித்து எந்தக் கடிதமும் வரவில்லை. ஐயாவும் அம்மாவும் மேலும் ஏழு வருடம் எங்களோடு இருந்தார்கள். ஐயாவின் கிணறுகளில் ஒன்பதில் தண்ணீர் வந்தது.