கொடி ஏறிய பிறகு

நான் பேசிப் பேசியே கெட்டவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிதம்பரம் வருகிறவர்களுக்கு நடராஜர் கோயிலைச் சுற்றிக்காட்டிக் கதை சொல்வது என் தொழில். தில்லை மரங்கள் அடர்ந்த காட்டில் புலிக்கால் முனிவரும் பதஞ்சலியும் தவமிருந்து ஆட்டத்தைக் கண்டது, பொன்னம்பலத்துக் கூரையில் இருபத்தோராயிரத்து அறுநூறு ஓடுகள் வேய்ந்தது, அது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு என்பது, திரையை விலக்கினால் ஒன்றுமில்லாத இடத்தில் தங்க வில்வ மாலை மட்டும் தொங்குவது எல்லாவற்றையும் அம்பலம் என்கிற என் வாயால் கேட்க வேண்டும். கேட்பவர்கள் கண் கலங்குவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

2008ஆம் வருஷம் ஆனித் திருமஞ்சனத்துக்குக் கொடி ஏறி மூன்றாம் நாள், கடலூரிலிருந்து தங்கை சௌந்தரம் போன் செய்தாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவன் நான். ஊசி என்றாலே என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போட்டுக்கொள்வாள்.

"அண்ணே, பித்தப்பையில கல்லாம். சீழ் வச்சிருக்காம். நாளைக்கே ஆபரேஷன் பண்ணணும்ங்கறாங்க. பயமா இருக்குண்ணே. நீ வந்து வாசல்ல நின்னா போதும்."

"கொடி ஏறிடுச்சேம்மா. ஊரெல்லையைத் தாண்டக் கூடாதே" என்றேன்.

கோயிலில் கொடி ஏறிவிட்டால், அது இறங்கும்வரை ஊர்க்காரர்கள் வெளியூர் போய்த் தங்கக்கூடாது என்று எங்கள் வீதிகளில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் அது காப்பு கட்டிக்கொண்டு விழாவை நடத்துகிறவர்களுக்கான கட்டுப்பாடு. ஊருக்கே சாஸ்திரம் சொல்கிற எனக்கு இது தெரியாதா? அப்படியே எல்லோருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், இராத்தங்கக் கூடாது, அவ்வளவுதான். கடலூர் என்ன காசியா? ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பஸ் பயணம். காலையில் போய் அவள் தலைமாட்டில் நின்றுவிட்டு விளக்கு வைப்பதற்குள் திரும்பியிருக்கலாம்.

காரணம் வேறு. அந்த வருஷம் மும்பையிலிருந்து அறுபது தமிழர்கள் சேர்ந்தாற்போல் வந்திருந்தார்கள். தேர் வரைக்கும் தினமும் நான்தான் பேச வேண்டும் என்று சொல்லி, கையில் ஒரு மைக்கையும் கொடுத்துவிட்டார்கள். முப்பது வருஷமாகத் தொண்டை கிழியப் பேசியவனுக்கு முதல்முறையாக மைக். அதை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. வெட்கங்கெட்ட உண்மை இதுதான்.

"கொடி எறங்கட்டும். மறுநாள் மொத பஸ்சுல வந்து நிக்கிறேன்" என்றேன்.

"சரிண்ணே. சாமி காரியம். நீ பாத்துக்க" என்றாள். குரலில் துளி கோபம் இல்லை.

ஆறாம் நாள் நானே பேசினேன். "வலி கொறைஞ்சிருக்கு, நீ தேரைப் பாருண்ணே" என்றாள். ஆபரேஷன் முடிந்ததா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. முடிந்திருக்கும் என்று நானாக வைத்துக்கொண்டேன். மும்பைக்காரர்கள் காத்திருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் தேர். கீழ வீதியில் கூட்டம் நெருக்கியடித்தது. நான் மைக்கைப் பிடித்து, என் பேச்சிலேயே சிறந்த பகுதியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "மற்ற ஊர்களில் உற்சவர்தான் வெளியே வருவார். இங்கே மூலவரே சபையை விட்டுப் படியிறங்கி வருகிறார். நடக்க முடியாதவர், நோயில் கிடப்பவர், உள்ளே வர வழியில்லாதவர், அத்தனை பேருக்காகவும் அவரே தெருவுக்கு வருகிறார்." முன்வரிசையில் ஒரு பெண் விசும்பி அழுதாள். சட்டைப்பையில் போன் துடித்தது. மூன்று முறை நிறுத்தினேன். நான்காவது முறைதான் எடுத்தேன். தங்கை வீட்டுக்காரர் சிவசுப்ரமணியன்.

"சௌந்தரம் போயிட்டா மச்சான்."

மைக்கை யாரிடம் கொடுத்தேன் என்று நினைவில்லை. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியது. கொடி ஏறியேதான் இருந்தது. எந்தச் சாமியும் என்னைத் தடுக்கவில்லை. அவள் கூப்பிட்ட அன்றும் தடுத்திருக்காது.

மறுநாள் எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, சிவசுப்ரமணியன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"டாக்டரு தலையால அடிச்சிக்கிட்டாரு மச்சான். இவ கையெழுத்தே போடல. கொடி எறங்கட்டும், அண்ணன் வந்துடும், அப்புறம் பண்ணிக்கலாம்னு ஒரே பிடிவாதம். மாத்திரையில வலி கொஞ்சம் அடங்குச்சா, நானும் சரின்னு விட்டுட்டேன். ரெண்டு நாளா வலி ஜாஸ்தி ஆயிருக்கு. பல்லைக் கடிச்சிக்கிட்டு இல்லன்னே சொல்லியிருக்கா. நேத்து காலையில உள்ளயே ஒடைஞ்சிடுச்சி."

எனக்காகத்தான். என் வாயிலிருந்து வந்த ஒரு சாக்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஆறு நாள் வலி பொறுத்திருக்கிறாள்.

"ஒண்ணு கேக்கணும் மச்சான்" என்றார் அவர். "பக்கத்து பெட்டுல பிச்சாவரத்து அம்மா ஒருத்தங்க இருந்தாங்க. கொடிக் கட்டுப்பாடெல்லாம் காப்பு கட்டினவுங்களுக்கு மட்டுந்தான், உங்கண்ணன் தாராளமா வரலாமேன்னு சொன்னாங்க. இவளுக்கு வந்துச்சே கோவம். எங்க அண்ணனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சின்னு சண்டைக்கே போயிட்டா. கடைசி வரைக்கும் அந்த அம்மாகிட்ட பேசவே இல்ல."

என் முகத்தைப் பார்த்தார்.

"அவ சொன்னதுதானே சரி? அது எல்லாருக்குந்தானே?"

அவர் கண்களில் இருந்தது சந்தேகம் இல்லை. அவளை அவள் போக்கில் விட்டதற்கு ஒரு நியாயம் வேண்டியிருந்தது அவருக்கு. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். முப்பது வருஷம் பேசிய வாய்.

"எல்லாருக்குந்தான் மாப்பிள்ளை" என்றேன்.