தலைவருக்கு விரித்த ஆறு சேலைகள்

சிம்பாங் பூலாய்க்குத் தெற்கே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது பெண்கள் பாதிப் பேர்தான் நிற்பார்கள். மீதிப் பேர் சோம்பேறிகள் அல்ல. ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கடைகளில் துணி என்ற பேச்சே கிடையாது. பல வீடுகளில் இரண்டு பெண்களுக்கு ஒரே சேலை. ஒருத்தி அதை உடுத்திக்கொண்டு வேலைக்கு வந்தால், மற்றவள் அரிசிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கதவைச் சாத்தி உள்ளே கிடப்பாள். மறுநாள் முறை மாறும். தோட்டக் கணக்கெழுதும் கிராணி சதாசிவத்துக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டுப் போவார். யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற அலுப்பு அவருக்கு வந்து நாளாகிவிட்டது.

அந்த அலுப்பிலும் அவரை நிமிர்ந்து உட்காரவைத்த விஷயம் ஒன்று இருந்தது. அது தலைவரின் கதை. இந்தியாவின் விடுதலைக்காகக் கடல் கடந்து வந்திருந்த அந்தத் தலைவரைப் பற்றி ஈப்போ கூட்டங்களில் கேட்டதையெல்லாம் சாயங்காலம் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் உட்கார்ந்து சொல்லுவார். பெரிய வீட்டில் பிறந்தவர், பெரிய படிப்புப் படித்தவர், கைக்கு வந்த உத்தியோகத்தை வேண்டாமென்று உதறிவிட்டு ஜெயிலுக்குப் போனவர். ஜெயிலுக்குப் போன தடவைகள் மட்டும் சதாசிவத்தின் வாயில் வாரத்துக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். யாரும் கணக்குப் பார்க்கவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுப் படுக்கப் போகிறவர்களுக்கு அந்தக் கதை ஒரு பிடி சோறு மாதிரி இருந்தது.

ஒரு நாள் தலைவரின் இயக்கத்து ஈப்போ கமிட்டிச் செயலாளர் அடைக்கப்பன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“ஞாயித்துக்கெழமை தலைவர் இந்த ரோட்டு வழியாத்தான் ஈப்போவுக்கு வர்றார். உங்க தோட்டத்து வாசல்ல அஞ்சு நிமிசம் எறங்குவார். வரவேற்பு அசத்தலா இருக்கணும், சதாசிவம். நல்லபடியா நடத்திக் காட்டுங்க, கமிட்டி ஆபீசுல உங்களுக்கு ஒரு வேலை போட்டுத் தர்றேன்.”

சதாசிவம் உடனே தலையாட்டினார். சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதில் அதிகம். சயாமில் ரயில்பாதை போட அந்தத் தோட்டத்திலிருந்து முப்பத்து நாலு ஆண்களை ஜப்பான்காரர்கள் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. அடுத்த லிஸ்டில் கிராணிமார் பெயரும் வரலாம் என்று பேச்சு. கமிட்டி ஆபீசில் உட்கார்ந்துவிட்டால் தன் பெயர் வராது என்று அவர் நம்பினார்.

மேடைக்குப் பலகை இருந்தது, தோரணத்துக்குத் தென்னங்குருத்து இருந்தது. ஆனால் பக்கத்துத் தோட்டங்களிலும் அதெல்லாம் இருக்குமே. சாமி ஊர்வலத்துக்கும் பெரிய மனிதர்களுக்கும் தரையில் துணி விரித்து நடக்கவைக்கும் நடைபாவாடை அவர் நினைவுக்கு வந்தது. தோட்டத்தில் துணி வெளுக்கும் சன்னாசியைக் கூப்பிட்டார்.

“ரோட்டுலேருந்து மேடை வரைக்கும் விரிக்கணும். எத்தனை சேலை வேணும்?”

“ஆறு வேணும் ஐயா. ஆனா ரொம்ப சூசா லா, கஷ்டந்தான். லயத்துல கிழியாத சேலைன்னா ஏழோ எட்டோதான். எனக்குத் தெரியாத துணி இங்க ஏது? அதுல ஆறை எடுத்தா பன்னெண்டு பொம்பளைங்க வெளிய வர முடியாது.”

“ஒரு நாளுதானே. தலைவருக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறோம்?”

சனிக்கிழமை சதாசிவமே வீடு வீடாகப் போனார். கிராணி வந்து கேட்டால் இல்லை என்று சொல்லத் தோட்டத்தில் யாருக்கு வாய் வரும்? இருளாயியின் வீட்டில் மட்டும் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அவள் புருஷன் பத்துமலை சயாம் போனவர்களில் ஒருவன். அவளுக்கும் நாத்தனார் மங்களத்துக்கும் சேர்த்து ஒரு பச்சைச் சேலைதான்.

“புள்ள சீனிக்கு மேலு சுடுது ஐயா. ராத்திரி எதாச்சும் ஆனா வெளிய ஓடணும்” என்றாள் கதவிடுக்கில் நின்று.

“பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் வராமலா இருக்கும்? நாளைக்குச் சாயங்காலம் துவைச்சு மடிச்சுக் கொண்டாந்து குடுத்துடுறேன்.”

சேலை வெளியே வந்தது. கதவு சாத்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வருவார் என்றார்கள். நடக்க முடிந்தவர்களை எல்லாம் சதாசிவம் எட்டு மணிக்கே ரோட்டோரம் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். சாம்பலில் வெளுத்துக் காயவைத்த ஆறு சேலைகளும் செம்மண்ணின்மேல் வரிசையாகக் கிடந்தன. பத்து மணி ஆயிற்று, பதினொன்றும் ஆயிற்று. வெயில் ஏறியது. கால் புண்ணோடு நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். சதாசிவம் மட்டும் உட்காரவில்லை. துணியை மிதிக்க வந்த கோழிகளை விரட்டிக்கொண்டே தெற்குப் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

அப்போதுதான் லயத்துப் பக்கமிருந்து இருளாயி வந்தாள். மேலே ஒரு சாக்கு. மார்பிலிருந்து தொடை வரைக்கும்தான் அது எட்டியது. கையில் மூன்று வயதுச் சீனி விறைத்துக் கிடந்தான். ஆண்கள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. மேடையைச் சுற்றிப் போகாமல் விரித்திருந்த சேலைகளின் மேலேயே நடந்து வந்தாள்.

“ஏய், எறங்கு! தலைவர் வர்ற நேரம், துணியில காலை வைக்காதே!” என்று சதாசிவம் கத்திவிட்டார். யோசித்துக் கத்தியதல்ல. வாய் முந்திக்கொண்டது.

இருளாயி நின்றாள்.

“இது எஞ் சேலை ஐயா. புள்ளைக்கு வலிப்பு வந்து ரெண்டு மணி நேரமாச்சு. கத்திப் பார்த்தேன், மங்களமும் மத்தவளுகளும் சேலை இல்லாம உள்ள கெடக்குறாளுக, லயத்துல ஓடிவர ஒரு ஆளு இல்ல. எல்லாரையும் இங்க நிறுத்திட்டீங்க. சேலை இருந்திருந்தா அப்பவே ஆஸ்பத்திரில மருந்து குடுக்கிற டிரசர்கிட்ட ஓடியிருப்பேன். வெக்கப்பட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். இனிமே எனக்கு என்னா வெக்கம்?”

அவள் இன்னும் இரண்டு எட்டு வைத்துச் சதாசிவத்தின் எதிரே வந்தாள்.

“நீங்கதானே கதை சொன்னீங்க, வந்த உத்தியோகத்தையே உதறிட்டு வந்த மனுசன்னு? அப்படியாப்பட்டவரு எங்க சேலை மேல நடக்கணும்னா சொன்னாரு? அவரு கேட்டாரா ஐயா, நீங்க கேட்டீங்களா?”

சன்னாசிதான் முதலில் குனிந்தான். “இந்தா, ரெண்டாவதா கெடக்கிறதுதான் அவ சேலை” என்று பச்சைச் சேலையை உருவி உதறினான். வந்திருந்த நாலைந்து பெண்கள் இருளாயியைச் சுற்றி நின்று மறைத்துக்கொள்ள, அவள் அதை உடுத்திக்கொண்டாள். இத்தனை நாள் சொன்ன கதையைத் தான் ஒருவர்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று சதாசிவத்துக்கு அப்போது புரிந்தது.

“மத்த சேலையையும் எடுத்துக்கிட்டுப் போய் வீட்டுல குடுத்துடு, சன்னாசி. எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். பின்னால் இருளாயி பிள்ளையோடு உட்கார, சிம்பாங் பூலாய் ஆஸ்பத்திரிக்கு வெயிலில் மிதித்தார். பாதி வழியில் கார்கள் பின்னாலிருந்து வந்தன. ஓரம் ஒதுங்கி வழி விட்டார். புழுதி அடங்கியதும் மறுபடி மிதித்தார். எத்தனையோ நாள் காத்திருந்த அந்தக் கார்களில் தலைவர் எதில் இருந்தார் என்றுகூட அவர் பார்க்கவில்லை.

டிரசர் ஊசி போட்டார். பிள்ளை பிழைத்தான். ஆனால் இடது கை முன்போல் வரவில்லை. “இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கொண்டாந்திருந்தா கை தப்பியிருக்கலாம்” என்றார் டிரசர். அதைச் சதாசிவத்தைப் பார்த்துத்தான் சொன்னார். யார் காரணம் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் சதாசிவம் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் அடைக்கப்பன் கோபத்தோடு வந்தார்.

“என்ன சதாசிவம், மேடை மொட்டையா கெடக்கு, வரவேற்க ஆளே இல்ல! நிக்காமலே போயிட்டாங்க. இனி கமிட்டி வேலைய மறந்துடுங்க. லிஸ்டுல பேரு வந்தா என்கிட்ட வராதீங்க.”

சதாசிவத்துக்குப் பயம் இல்லாமல் இல்லை.

“வந்தா போறேங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இல்லாத ஏழைகிட்ட உருவிக்கிட்டு வந்து தலைவர் காலடியில போடுறது மரியாதை இல்ல, அவரு பேரைச் சொல்லி நாம அடிக்கிற கொள்ளை. ஒரு தலைவர் மேல நமக்கு நெசமாவே மதிப்பு இருந்தா, அவரு பாடுபடுற சனத்தை முதல்ல மானத்தோட வாழ விடணும். நான் அதைக் கத்துக்கிறதுக்கு ஒரு சின்னப் புள்ளையோட கை போயிருக்கு.”