எண்பதில் நின்ற முள்

கறியைப் புகையில் வாட்டும் கரி அடுப்பின் மூடியிலிருந்த தெர்மாமீட்டர் இரண்டு வாரமாக எண்பது டிகிரியைத் தாண்டவில்லை. அதை நம்பிக் கரியைக் கூட்டியதில் கறி கருகியதுதான் மிச்சம்.

“மீட்டர்ல ஒண்ணுமில்ல, உன் கைப்பக்குவம்தான் போச்சு,” என்றான் கடையில் கூட நிற்கும் அண்ணன்.

தங்கைக்குச் சுருக்கென்றது. துருவேறிய நட்டை எண்ணெய் விட்டுக் கழற்றி, மீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் அமிழ்த்தினாள். நூறு காட்ட வேண்டிய முள் அங்கேயும் எண்பதோடு நின்றது. அண்ணன் கடைத்தெருவுக்குக் கிளம்பினான்.

அவன் வாங்கி வந்த புது மீட்டரின் தண்டு மூடியின் ஓட்டைக்குள் நுழையவில்லை.

“விடும்மா, நாளைக்கு லேத்துக்காரர்கிட்ட குடுத்துக்கலாம்.”

“இன்னிக்கு மாட்டாம எழுந்திருக்க மாட்டேண்ணே.”

ஓட்டையை அரத்தால் ராவி ராவி விரல்தோல் உரிந்த பிறகுதான் தண்டு உள்ளே இறங்கியது. கரி கனன்றதும் முள் நூற்றைத் தாண்டி ஏறியது.

அண்ணன் கறித்தட்டோடு வந்து நின்றான். “எப்ப வைக்கலாம்? நீயே சொல்லு.”

“நூத்திப்பத்து வரட்டும்.”